போக வர ஆன செலவு

1995 ஆகஸ்ட். திருவொற்றியூர் ஸ்டேஷனில் ராத்திரி லோக்கலுக்காக நின்றிருந்தேன். சென்ட்ரல் போய் பம்பாய் மெயிலைப் பிடிக்க வேண்டும். அம்மா வடிவுடையம்மன் கோயில் குங்குமத்தைப் பொட்டலமாக என் சட்டைப் பையில் வைத்தாள். "பைய கைய வுட்டு எறக்காத கண்ணு. தூங்கறப்ப தலைக்கு வச்சிக்க" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள். பிளாட்பார விளக்கு வெளிச்சத்தில் அவள் காதைப் பார்த்தேன். கம்மல் இருந்த ஓட்டையில் வேப்பங்குச்சியைச் சொருகியிருந்தாள். கம்மல் அன்று மதியம்தான் சேட்டுக் கடைக்குப் போயிருந்தது.

அந்த ரெக்சின் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஐ.டி.ஐ. வெல்டர் சான்றிதழ், அப்ரண்டிஸ் முடித்த சான்றிதழ், புதுசாக எடுத்த பாஸ்போர்ட். எல்லாமே ஒரிஜினல். என் இருபத்திரண்டு வருஷமும் அந்த ஃபைலில் இருந்தது. அது தொலைந்தால் நான் யார் என்று நிரூபிக்க எனக்கு வேறு எதுவும் கிடையாது.

தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் பிறந்தவன் வேலைக்கு ஏன் பம்பாய் போனான் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியது எங்கள் திருவொற்றியூரில். என்ஃபீல்ட் புல்லட் ஐம்பதுகளில் இருந்து இங்கேதான் தயாரானது. எண்ணூரில் அசோக் லேலண்ட், அனல்மின் நிலையம். விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. ஷிஃப்ட் சங்கை வைத்துத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். ஆனால் நான் படித்து முடித்த காலத்தில் நிரந்தர வேலைக்கான கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டிருந்தது. உள்ளே போகிற வழி கான்ட்ராக்டர் வழியாக மாறிவிட்டது. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம், தொழில் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைத்தது. கற்று முடித்தவனுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் யூனிஃபார்ம் போட்டு உள்ளே போனவன், சான்றிதழோடு வெளியே வந்து, அதே கேட்டில் தினக்கூலிக்கு நின்றேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தேன்.

அப்போதுதான் பேப்பரில் அந்த வரி விளம்பரம் வந்தது. வளைகுடாவில் எண்ணெய்க் குழாய் வேலை, பைப் வெல்டர்கள் தேவை, பம்பாயில் நேரடி இண்டர்வியூ, டிரேட் டெஸ்ட். காலடிப்பேட்டையில் இருந்த என் கூட்டாளியும் நானும் எழுதிப் போட்டோம். பத்தே நாளில் கடிதம் வந்தது. ஒரு தேதி, ஒரு விலாசம், "ஒரிஜினல்களுடன் வரவும்" என்று ஒரு வரி. போகிற செலவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது இருக்க வேண்டும் என்றுகூட அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டால் ரயில் டிக்கெட்தான் இருப்பதிலேயே சின்னச் செலவு. பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது, போட்டோ எடுத்தது, செராக்ஸ் போட்டது, ஷூ வாங்கியது, பம்பாய்க்கு எஸ்.டி.டி. போட்டது எல்லாம் கிளம்புவதற்கு முன்னாலேயே ஆன செலவு. டெஸ்டுக்கு என்று ஐந்நூறு ரூபாய் கேட்டிருந்தார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனி. இதையெல்லாம் விடப் பெரியது, போகிற நாளெல்லாம் கூலி கிடையாது. துறைமுகத்தில் லோடுமேனாக இருந்த அப்பாவுக்கு முதுகு போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. என் கூலியில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. கம்மலுக்குக் கிடைத்தது ஆயிரத்து நானூறு. மீதிக்குத் தண்டல்காரரிடம் ஆயிரம் வாங்கினோம். எண்ணூற்றைம்பதுதான் கையில் கொடுத்தார். நூறு நாள், தினம் பத்து ரூபாய். நான் ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே முதல் பத்து ரூபாயை அம்மா கட்டியிருந்தாள்.

எங்கள் பக்கத்துக்கும் ரயிலுக்கும் உறவு பழசு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் அப்பா தினமும் துறைமுகத்துக்கு நடந்தார். ஆனால் எங்கள் வீட்டில் அரக்கோணத்தைத் தாண்டி ரயிலில் போன முதல் ஆள் நான்தான்.

இரண்டு ராத்திரி, ஒரு பகல். ரேணிகுண்டா, கடப்பா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று ஜன்னலில் போர்டு மாற மாற, காதில் விழும் பேச்சும் மாறியது. நாங்கள் இரண்டு பேரும் முறை வைத்துத் தூங்கினோம். ஒருவன் தூங்கும்போது மற்றவன் இரண்டு ஃபைலையும் மடியில் வைத்திருப்பான். கக்கூஸுக்குப் போனாலும் ஃபைல் கூடவே வந்தது. ராய்ச்சூரில் ஒருவர் சூட்கேஸைக் காணோம் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரும் பம்பாயில் ஏதோ இண்டர்வியூவுக்குப் போகிறவர்தான். துணிமணிக்காக அவர் அழவில்லை. "சர்ட்டிஃபிகேட் சர்ட்டிஃபிகேட்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். அவர் போய்ச் சேர வேண்டிய ஊரில் அவருக்கு இனி வேலை இல்லை.

பம்பாயில் விடாத மழை. கடிதத்தில் இருந்த விலாசத்தை மத்தியானம்தான் கண்டுபிடித்தோம். மாடிப்படி முழுக்க ஆட்கள். ராஜஸ்தான், பீகார், ஆந்திரா, கேரளா, எங்கள் மாதிரி நாலைந்து தமிழ் ஆட்கள். மேசையில் இருந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு பெட்டியில் போட்டார். "கிளையண்ட் இன்னும் வரவில்லை, நாளை வாருங்கள்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும்.

இண்டர்வியூவுக்குத் தூரப் பயணம் போகிறவனை நிஜமாகச் சாப்பிடுவது இந்த "நாளை வா"தான். ஊர்க்காரன் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு நாளை வருவான். ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவனுக்கு ஒரு நாள் தள்ளினால் ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் வாடகை, ஒரு நாள் கூலி, ஒரு நாள் தண்டல். ரிசர்வ் செய்த திரும்பும் டிக்கெட்டும் வீணாகும். இது தெரிந்த யாரும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் அவர்களுக்கு அதில் ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது. பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்ததால் நாங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பவும் முடியாது.

தாராவியில் இட்லி அவித்து விற்ற ஒரு திருநெல்வேலிக்கார அம்மா, தன் வீட்டு மச்சில் எங்களைப் படுக்கச் சொன்னார். "ஊருக்கு நாலு காசு கொண்டு போவணும்லா, இங்க எதுக்கு லாட்ஜுக்காரனுக்குக் கொடுக்கிய" என்றார். மச்சில் ஏற்கெனவே ஏழு பேர் படுத்திருந்தார்கள். எல்லாரும் ஏதோ ஒரு இண்டர்வியூவுக்கு வந்தவர்கள். ஒருவர் நாற்பது நாளாக அங்கே இருந்தார்.

ஆறாவது நாள் டெஸ்ட். 6ஜி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் அசையாமல் பிடித்து வைத்துவிடுவார்கள். குழாய் திரும்பாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வளைந்து, குனிந்து, கீழிருந்து மேலாக ஓட்ட வேண்டும். உள் பாஸ் ஆர்கானில், அதற்கு மேல் 7018 ராடில். என் உள் பாஸ் நன்றாக விழுந்தது. கூட்டாளி குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பிறகு ராடு எடுக்கப் போனேன். பாக்கெட் பிரித்துப் போட்டபடி ஈரத் தரையில் கிடந்தது.

7018 ராடின் மேல் பூச்சு, காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அதை அடுப்பில் சுட்டு, சூட்டோடு எடுத்துத்தான் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு கைத்திறமை இருந்தாலும் வெல்டுக்குள் ஊசி முனை மாதிரி பொத்தல் விழும். அப்ரண்டிஸில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது இது. "ராடு ஓவன் எங்கே?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "ஓட்டு, ஓட்டு, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்" என்றார்கள். ஓட்டினேன். ஆர்க் படபடவென்று தெறித்தது. வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிரைண்டர் போட்டதும் பொத்தல்கள் வரிசையாகத் தெரிந்தன. பட்டையாக அறுத்து வளைத்தபோது நடுவில் வாய் பிளந்தது. ஒருவர் சாக்பீஸால் அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மொத்தம் ஒன்றரை மணி நேரம். கம்மல், தண்டல், ஒன்பது நாள் கூலி எல்லாம் அந்தச் சாக்பீஸ் குறிக்குத்தான்.

கூட்டாளிக்குப் புது பாக்கெட் வாய்த்தது. பாஸானான். பாஸானவர்கள் விசாவுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட்டை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அவன் அப்பா பேரில் இருந்த மனையை அடகு வைத்து அனுப்பினான். விசா வரவில்லை. பாஸ்போர்ட் பதினான்கு மாதம் கழித்து வந்தது, பணம் வரவே இல்லை. தோற்றுப்போன நான் பிழைத்தேன், ஜெயித்தவன் முழுகினான். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவருக்கு அரசாங்கத்தில் பதிவு இருக்க வேண்டும் என்பதே எங்களுக்கு அன்று தெரியாது. இன்று ஒரு தொழிலாளியிடம் முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. இதை ஒவ்வொரு ஐ.டி.ஐ. சுவரிலும் எழுதி வைக்க வேண்டும்.

திரும்பும்போது அன்ரிசர்வ்டு பெட்டி. கக்கூஸ் பக்கத்தில் ஃபைலின் மேல் உட்கார்ந்து வந்தேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா சோறு போட்டாள். கம்மலுக்கு ஒன்றரை வருஷம் வட்டி கட்டினோம். அப்பாவின் முதுகுக்கு மறுபடி ஆஸ்பத்திரி செலவு வந்ததும் அது முழுகிப்போனது. வேப்பங்குச்சி போய் கவரிங் வந்தது.

என் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்காவது போக முடிந்தது. எனக்கு இரண்டு வருஷம் மூத்த அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். ஹைதராபாத்தில் ஒரு அலுவலகத்திலிருந்து அவளுக்கு இண்டர்வியூ கார்டு வந்தது. அவள் போகவில்லை. ராத்திரி ரயிலில் தனியாக அனுப்ப வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. துணைக்கு ஒருவர் போனால் டிக்கெட் இரண்டு, சாப்பாடு இரண்டு, தங்குவதற்கும் பெண்பிள்ளைக்குத் தகுந்த இடமாக வேண்டும். ஆணுக்கு ஆகிற செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நான் பம்பாய் போய்க் கெடுத்த பணம் அவளுக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கார்டு அவளுடைய டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைக்குக் கீழே இன்னும் இருக்கிறது. போய்த் தோற்றவர்களின் செலவையாவது எண்ணிச் சொல்லலாம். போகாமலே போனவர்களின் நஷ்டத்தை எந்த நோட்டில் எழுதுவது?

போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. 2011 பிப்ரவரி 1-ஆம் தேதி உத்தரப்பிரதேசத்தில் நடந்ததை மறக்க முடியவில்லை. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நானூற்றுச் சொச்சம் இடத்துக்குப் பரேலியில் லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கூடினார்கள். ஊர் தாங்கவில்லை, கலவரம் ஆனது. திரும்புவதற்கு இடமில்லாமல் ஹிம்கிரி எக்ஸ்பிரஸின் கூரை மேல் ஏறினார்கள். ஷாஜகான்பூர் அருகே தாழ்வான ஒரு பாலத்தில் மோதி 15-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் சட்டைப் பையிலும் இடுப்பிலும் சான்றிதழ் இருந்திருக்கும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

சமீபத்தில், 2025 மார்ச் 19-ஆம் தேதி, ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கான இரண்டாம் கட்டத் தேர்வு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தெலங்கானாவில் மையம் போட்டார்கள். இங்கே எதிர்ப்புக் கிளம்பியும் மாற்றவில்லை. பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கே, தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லித் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். தேரடி டீக்கடையில் அந்தச் செய்தியை வாசித்தபோது முப்பது வருஷத்துக்கு முந்திய "நாளை வா" என் காதில் கேட்டது. அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல ஐ.டி.ஐ. படித்த வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

இந்தச் சுமை அரசாங்கத்துக்குத் தெரியாதது இல்லை. அரசு வேலைக்கான இண்டர்வியூவுக்குப் போகும் வேலையில்லாத இளைஞர்களுக்கு ரயில் கட்டணச் சலுகை முன்பு இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டி நிறுத்திய சலுகைகளோடு அதுவும் போனது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு இண்டர்வியூவையே எடுத்துவிட்டார்கள். அது நல்ல காரியம், எத்தனையோ பயணம் மிச்சம். ஆனால் கைத்தொழில்காரனுக்குக் கையைக் காட்டத்தான் வேண்டும். அதற்கு அவன் போய்த்தான் ஆக வேண்டும். தனியார் பக்கத்திலோ கேட்க நாதியில்லை.

இன்று நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்த பிறகு இந்தப் பகுதியில் குழாய் வேலையும் கட்டுமான வேலையும் பெருகியது. ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் வெல்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, இப்போது டெஸ்ட் எடுக்கிற ஆள் நான். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பையன்கள். நான் வடக்கே போன அதே பயணத்தை அவர்கள் தெற்கே வருகிறார்கள். அதே ரெக்சின் பை, அதே பிளாஸ்டிக் ஃபைல்.

2023 ஜூன் 2-ஆம் தேதி ராத்திரி டி.வி.யில் கோரமண்டல் எக்ஸ்பிரஸைக் காட்டினார்கள். ஷாலிமாரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த வண்டி, ஒடிசாவில் பாலசோர் பக்கம் பாஹாநகா பஜாரில் சரக்கு ரயில் மேல் ஏறிக் கிடந்தது. 290 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தெற்கே வேலை தேடி அன்ரிசர்வ்டு பெட்டியில் வந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். என் டெஸ்டுக்கு வர வேண்டியவர் யாரும் அந்த வண்டியில் இல்லை. ஆனாலும் ராத்திரி முழுக்க என் நோட்டை எடுத்து, அதுவரை நான் சாக்பீஸ் குறி போட்டு அனுப்பியவர்களின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரையும் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வரவழைத்தது என் ஒரு போன்.

மறுவாரம் முதலாளியிடம் போய் மூன்று விஷயம் கேட்டேன். முதலில், வரச் சொல்வதற்கு முன்னால் அவரவர் ஊரிலேயே ஒரு குழாயை வெல்டு செய்து, அறுத்து வளைத்து, போனில் வீடியோ அனுப்பட்டும். தேறாதவர் கிளம்பவே வேண்டாம். இரண்டாவது, தேதி சொன்னால் அந்தத் தேதியில் டெஸ்ட். மழை வந்தாலும் கிளையண்ட் வராவிட்டாலும் நான் எடுப்பேன். மூன்றாவது, பாஸோ ஃபெயிலோ, வந்தவருக்குத் திரும்புகிற டிக்கெட் நம் செலவு. முதல் இரண்டுக்கும் உடனே சரி என்றார். மூன்றாவதற்கு எட்டு மாதம் ஆனது. "டிக்கெட் காசு நம்ம கையை விட்டுப் போனாத்தான் ஆளை யோசிச்சுக் கூப்பிடுவோம் சார்" என்றேன். அதைத்தான் அவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். இப்போது பத்துப் பேரைக் கூப்பிட்ட இடத்தில் நாலு பேரைக் கூப்பிடுகிறோம். வேலைக்குக் குறைவில்லை.

கூப்பிடுகிறவன்தான் பயணச் செலவைத் தாங்க வேண்டும் என்பது தர்மம் செய்யச் சொல்வது இல்லை. ஆள் தேவை அவனுக்கு. தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவனுக்கு. செலவு மட்டும் வேலையில்லாதவனுக்கு என்றால் அந்தக் கணக்கு எந்த நியாயத்திலும் நிற்காது.

2003-ல் அம்மாவுக்கு அரை சவரனில் கம்மல் வாங்கிப் போட்டேன். ரொம்ப நாள் கவரிங் போட்டதில் காது புண்ணாகி ஓட்டை தூர்ந்திருந்தது. தட்டானிடம் கூட்டிப்போய் மறுபடி குத்த வேண்டியிருந்தது. அந்த வயதில் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாளைக்கு ஒடிசாவிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். வண்டி காலையில் சென்ட்ரலுக்கு வந்துவிடும். குளித்து, சாப்பிட்டு எண்ணூர் வந்து சேரப் பத்து மணி ஆகும். 7018 ராடு சுட்டு எடுக்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். அதனால் ஏழு மணிக்கே போய் ஓவனைப் போட்டுவிடுவேன். அந்த வேலையை நான் வேறு யாரிடமும் விடுவதில்லை.